சூடான எம்ஜிபி திரும்ப ஓட்டினால் திக்குகிறது, எம்ஜிஏ திக்குவதில்லை

வண்டி: 1969 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, இரட்டை கார்புரேட்டர் (எஸ்யூ நிறுவனத்தின் எச்எஸ்4 வகை). இடம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். போன கோடையில் தொடங்கியது; குளிர்காலம் முழுக்க ஒன்றும் இல்லை, வெயில் ஏறியதும் மறுபடி வந்துவிட்டது.

நன்றாக ஓடிச் சூடான எஞ்சினை பெட்ரோல் பங்க்கில் பத்து நிமிடம் அணைத்து வைத்தால் போதும். உடனே ஸ்டார்ட் ஆகும், அரை மைல் போனதும் கார்புரேட்டர் வழியாகத் தும்மி இழுவை போய்விடும். பெட்ரோல் கலவையைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சரியாகிறது, அதனால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குறைவுதான் என்பதில் சந்தேகமில்லை.

இக்னிஷன் பக்கம் காயில், கன்டென்சர் மாற்றியாச்சு. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் மிதவை ஊசிகள் புதுசு. டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினாலும் அதேதான். பம்ப் தாராளமாகத் தள்ளுகிறது. வெப்பத் தடுப்புத் தகட்டின் பின்பக்க உறையைப் புதுப்பித்தேன். ஈ10 (10% வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) விட்டு ஈ5 (5% வரை) போட்டதில் சற்றே குறைந்தது, தீரவில்லை.

என்னைக் குழப்புவது பக்கத்தில் நிற்கும் என் இன்னொரு வண்டி, எம்ஜிபிக்கு முந்தைய மாடலான 1960 எம்ஜிஏ 1600. அதே பி-சீரிஸ் குடும்ப எஞ்சின், அதே பெட்ரோல், அதே வெயில், தொல்லையே இல்லை. அதிலிருப்பது பழைய எச்4 வகை எஸ்யூ கார்புரேட்டர். மிதவைக் கிண்ணம் நேராக கார்புரேட்டர் உடலோடு போல்ட் போட்டிருக்கும். எச்எஸ்4-இல் கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்கு (பெட்ரோல் வெளிவரும் துளை) மெல்லிய நைலான் குழாய், எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில். என் சந்தேகம் முழுக்க அந்தக் குழாய் மேல்தான்.

பெட்ரோல் ஆவியாவது அந்த நைலான் குழாயிலா, கிண்ணத்திலா, பம்ப்பிலிருந்து வரும் லைனிலா என்று உறுதியாகப் பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?