டெவில் மே கிரை 2: பிந்தி ஆடிய அனுபவம்

டெவில் மே கிரை என்ற வீடியோ விளையாட்டுத் தொடரின் மற்றப் பாகங்களையெல்லாம் முடித்துவிட்டு இரண்டாம் பாகத்தை மட்டும் தொடாமல் விட்டவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், அண்மையில் அதை ஆடி முடித்த அனுபவத்தை எழுதுகிறேன். 2003 ஜனவரியில் அது பிளேஸ்டேஷன் 2 இற்கு வெளிவந்தபோது கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. போரால் மூடப்பட்டிருந்த ஏ9 பாதை திறந்து ஓராண்டுகூட ஆகாத அந்நாளில், ஜெனரேற்றர் பிடித்துப் படம் காட்டும் வீட்டைத் தேடிப் போனவர்கள் நாங்கள். ஆகவே, முதல் மூன்று பாகங்களும் அடங்கிய, 2018இல் கணினிக்கு வந்த தொகுப்பில்தான் எனக்கு அது வாய்த்தது.

இதைத் தொடரிலேயே மோசமான பாகம் என்று குறை சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன். இரண்டாம் நாள், பக்கத்தில் இருந்து பார்த்த அக்காவின் மகன், "மாமா, நீங்கள் ஒரே பட்டனைத்தானே தட்டிக்கொண்டிருக்கிறியள்?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. முதற்பாகத்தில் துப்பாக்கி என்பது வாள்வீச்சுகளுக்கிடையே எதிரியை அந்தரத்தில் நிறுத்திவைக்க உதவும் துணைக்கருவி. இங்கோ கதாநாயகன் டான்டேயின் இரு கைத்துப்பாக்கிகளும் அளவுக்கு மீறி வலுவானவையாகவும், எதிரிகள் பெரும்பாலும் நின்றபடியே சூட்டை வாங்கிக்கொள்பவர்களாகவும் இருப்பதால், தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தாலே போதும். பேய் பிடித்த ஹெலிகொப்டர் ஒன்றுடன் நடக்கும் சண்டையில், சுடும் பட்டனை விடாமல் தட்டியதைத் தவிர நான் செய்தது எதுவுமில்லை. பகிடி விட்டபடி சண்டையிட்ட பழைய டான்டேயும் இதில் இல்லை. அநேகமாக வாயே திறவாமல் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் போகிறான்.

அவனுடைய 18 பணிகளும் (அதாவது கட்டங்களும்) முடிந்தபின், நாம் ஆடக்கூடிய மற்றப் பாத்திரமான லூசியாவின் 13 பணிகளையும் ஆடினேன். அவள் நீருக்கடியில் நீந்தும் இடங்களில் கமரா ஆட்டத்துக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

ஆனாலும், இதைத் தாண்டிப் போயிருந்தால் பின்வந்த பாகங்களின் வேரைக் காணாமல் விட்டிருப்பேன். அடியிலிருந்து விலகுவதற்கென்றே ஒரு தனிப் பட்டன், சண்டையின் நடுவிலேயே துப்பாக்கி மாற்றும் வசதி, எதிரிகளைத் தளம் தளமாக வென்று போகும், 9999 தளங்கள் கொண்ட பிளடி பலஸ் என்ற தனி ஆட்டமுறை ஆகிய மூன்றும் இதில்தான் தொடங்கின. முதற்பாகத்தை இயக்கிய ஹிடெக்கி காமியாவிடம் அல்லாமல் வேறொரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த வேலையை, ஹிடெயாக்கி இட்சுனோ இறுதிக் கட்டத்தில்தான் பொறுப்பேற்றார். 2005இல் அவரே இயக்கிய மூன்றாம் பாகத்தில் வாள்களையும் நொடியில் மாற்றலாம் என்றானபோது, இந்தத் துப்பாக்கி மாற்றம் எதற்கான ஒத்திகை என்பது விளங்குகிறது.

*

மேலே உள்ள பதிவை வாசித்துவிட்டுப் புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். நான் இதை, போருக்குப் பின் வவுனியாவில் படித்த காலத்தில், மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாட விடும் ஒரு கடையில் ஆடினேன். அங்கே மெமறிக் கார்ட் இல்லாததால் ஒவ்வொரு நாளும் முதற் பணியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. மேலே அண்ணா சொன்ன துப்பாக்கிப் பிரச்சினையை நாங்களும் விரைவிலேயே கண்டுகொண்டு, சுடுபவன் கொன்ட்ரோலரை உடனே அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வைத்தோம். வாளை மட்டும் நம்பிச் சுவரில் ஓடி, விலகி, வெட்டும்போது இந்த ஆட்டம் அவ்வளவு மோசமில்லை என்பது என் அபிப்பிராயம். உருவாக்கியவர்கள் வைத்திருக்க வேண்டிய கட்டுப்பாட்டை நாங்கள் வைக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

இது இரண்டு இறுவட்டுகளில் வந்த விளையாட்டு என்பதும், லூசியாவுக்கு இரண்டாவது இறுவட்டு முழுவதும் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தன. கடையில் முதலாவது மட்டும்தான் இருந்தது. நீந்தும் இடங்களைப் பற்றி மேலே வாசித்த பிறகு, மற்றதைத் தேடும் எண்ணமும் இல்லை.