பால்கன்னிக்கு இன்னும் மூன்று வாரம்

*குழு: கரிசல் வீட்டுச் சொந்தங்கள்*

நான் (காலை 6.10): பெரியப்பா, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நம் ஒன்றியத்தில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிக்கு நம் பால்கன்னி இனப் பெட்டை வெள்ளாட்டைக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். முந்தின நாள் குளிப்பாட்டினால் போதும் அல்லவா?

பெரியப்பா (6.25): போதாது. குளிப்பாட்டுவது கடைசி வேலை, குளம்பு முதல் வேலை. நீ அதன் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று?

நான் (6.40): இப்போதுதான் பார்த்தேன். வெளி ஓரம் வளர்ந்து உள்பக்கமாக மடிந்து, அந்த மடிப்புக்குள் மண்ணும் புழுக்கையும் இறுகிக் கிடக்கின்றன.

பெரியப்பா (6.58): அதை இந்த வாரமே சீவிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் என்றால் குளம்பு இளகியிருக்கும். இல்லாவிட்டால் கால் மணி நேரம் ஈரச் சாக்கில் நிறுத்தி வை. முதலில் அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மடிந்த ஓரத்தை நறுக்கி, அதன்பின் அடிப்பாகத்தைத் தேங்காய்ச் சில்லு சீவுவதுபோல மெல்லிதாகச் சீவிக்கொண்டே வந்தால் வெள்ளை நிறம் தெரியும். அதற்குள் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்த உடனே கையை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் ரத்தம்தான். மயிர் முடியும் கோட்டுக்கு இணையாக அடிப்பாகம் அமைந்தால் ஆடு நேராக நிற்கும். ஒரு வருடம் நான் இதைக் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் செய்து, முன்னங்காலில் ஆழமாகப் பட்டு, நடுவர் நடத்திக் காட்டச் சொன்னபோது ஆடு நொண்டியது. அவர் அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார்.

மதினி (7.15): பெரிய மாமா, விலாப் பக்கத்துக் கறுப்பு மயிர் செம்பட்டையாக வெளுத்திருக்கிறது. என்னிடம் தலைமுடிச் சாயம் அரைப் பொட்டலம் மீதி இருக்கிறது, பூசிவிடலாமா?

பெரியப்பா (7.17): வேண்டாம் அம்மா. நடுவர் ஈரக் கைக்குட்டையால் ஒரு தடவை தேய்த்தால் நம் மானம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

தங்கச்சி, கால்நடைக் கல்லூரி (7.40): அண்ணா, வெயிலிலும் மயிர் வெளுக்கும், ஆனால் கறுப்பு ஆடு செம்பட்டை அடித்து, வால் நுனி மயிர் உதிர்ந்து மீன்வால்போலப் பிளந்து தெரிந்தால் தாமிரச் சத்துக் குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். குடற்புழு அதிகமாக இருந்தாலும் மயிர் மங்கும் என்பதால், சாணத்தைப் பரிசோதித்துவிட்டு எடைக்கு ஏற்ற புழு மருந்தையும் தாது உப்புக் கலவையையும் மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். தாமிர உப்பான மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அளவு மீறினால் அது விஷம். மூன்று வாரத்தில் நிறம் முழுதாகத் திரும்பாது.

மதினி (7.44): அப்படியானால் தேங்காய் எண்ணெயாவது தடவலாம்.

பெரியப்பா (7.52): எண்ணெய் தடவிய ஆடு வண்டியை விட்டு இறங்குவதற்குள் கரிசல் புழுதியை எல்லாம் பூசிக்கொண்டுவிடும். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வெயில் ஏறிய பிறகு, ஆட்டின் காதில் பஞ்சு வைத்து சீயக்காயோ மென்மையான சோப்போ போட்டுக் குளிப்பாட்டி, சோப்பு நுரை தங்காமல் அலசி, வெயிலிலேயே காய விடுங்கள். முகத்துக்கு ஈரத்துணி போதும். அதன்பின் தினமும் காலையும் மாலையும் காய்ந்த துணியால் மயிர் படிந்த போக்கில் அழுத்தித் துடைத்தால் வரும் மினுமினுப்பு எந்த எண்ணெயிலும் வராது. உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் தொடை இடுக்கிலும் இன்றே விரலால் தடவிப் பார்.

நான் (8.05): மயிர் கத்தரிக்க வேண்டுமா?

பெரியப்பா (8.20): மடியின் மேல் நீண்டிருக்கும் மயிரையும் குளம்பை மூடித் தொங்கும் மயிரையும் மட்டும் ஒழுங்கு செய். முகத்தில் கத்தரியைக் கொண்டுபோகாதே. இருபுறமும் இறங்குகிற அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தானே அதற்குப் பால்கன்னி என்று பெயர், அது செந்நிறமாக இருந்தால் செங்கன்னி ஆகிவிடும். இவற்றையெல்லாம் விட நடைப் பழக்கம் முக்கியம். கயிறு கழுத்தின் அடியில் கிடந்தால் ஆடு உன்னை இழுக்கும். காதுக்குப் பின்னால், தாடையை ஒட்டி உயர்த்திப் பிடித்தால் தலை நிமிர்ந்து வரும். தினமும் பத்து நிமிடம் நடத்தி, நடுவில் நிறுத்தி, நாலு காலையும் சதுரமாக வைத்துப் பழக்கு. உனக்கும் நடுவருக்கும் இடையில் எப்போதும் ஆடுதான் இருக்க வேண்டும். உதட்டை விலக்கிப் பல் பார்ப்பார்கள், மடியைத் தொடுவார்கள். வேற்று ஆள் கை பட்டதும் துள்ளாமல் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தொடச் சொல்.

நான் (9.30): [படம்] குளம்பு சீவத் தொடங்கிவிட்டேன் பெரியப்பா.

மதினி (9.31): அது என் காய்கறிக் கத்தி.

பெரியப்பா (9.33): கத்தியைக் கழுவிக் கொடுத்துவிட்டுச் சும்மா இரு. சீவுளியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், அதுவரை ஆட்டை ஈரச் சாக்கில் நிறுத்து.