டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வு: 1600 மீட்டரில் மூன்றாம் சுற்றில் திணறல்

கேள்வி (மயூர் விஹார்): தம்பிக்கு 23 வயசு. 1600 மீட்டரை 6 நிமிஷத்துல முடிக்கணும், அவனுக்கு 6:40 ஆகுது. மூணாவது சுற்றுல மூச்சு வாங்குது. தேர்வு பயத்துல தூக்கமும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: முதல் சுற்றை எத்தனை விநாடியில ஓடுறார்னு பாருங்க. 80க்குக் கீழே இருந்தா சிக்கலே அதுதான். 400 மீட்டர் மைதானத்துல நாலு சுற்று, சுற்றுக்கு 90 விநாடி. ஆரம்பத்துல வேகமா கிளம்பினா கால் சீக்கிரமே கனத்துப்போகும். வாரம் ஒரு நாள் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொண்ணும் 92 விநாடி, நடுவுல 2 நிமிஷம் நடை. பழகினதும் 88க்கு இறக்குங்க. இன்னொரு நாள் பேச்சு தடைபடாத வேகத்துல 5 கிலோமீட்டர். தினமும் முழு வேகத்துல 1600 ஓடுறது வீண், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிதான் மிஞ்சும்.

பதில் 2: தாண்டுதலை மறந்துடாதீங்க. நீளம் 14 அடி, உயரம் 3 அடி 9 அங்குலம். ஓட்டத்துல தேறிட்டு இங்கே கோட்டை விடுறவங்க நிறைய. ஓடிக் களைச்ச காலோடவே தாண்டிப் பழகணும். நீளம் தாண்டும்போது பலகையை மிதிக்கிற கால் எதுன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க.

பதில் 3: நவம்பர்ல காற்றுத் தரக் குறியீடு 300 தாண்டினா வெளியே ஓட வேணாம், வீட்டுக்குள்ள ஸ்குவாட், கயிறு தாண்டுதல் போதும். தூக்கத்துக்கு: மதியம் 2 மணிக்கு மேல டீ, காபி கூடாது, எழுந்திருக்கிற நேரம் மாறக்கூடாது. பதற்றம் குறையலைன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம். தமிழ்லயும் பேசலாம்.