11 வருஷம் கழிச்சி ஊருக்கு போனேன், ஆத்துல ஊத்து இல்ல

பாலாத்துப்பையன்:
எங்க ஊரு மாதனூர் குடியாத்தம் ரோட்ல, பாலாத்தங்கரை. துபாய்ல இருந்து 11 வருஷம் கழிச்சி போய் 20 நாள் இருந்துட்டு வந்தேன், மனசே ஆறல. சின்ன வயசுல ஆத்துல முழங்கை ஆழத்துக்கு மணல பறிச்சாலே தண்ணி ஊறும், மொத தண்ணி கலங்கலா இருக்கும், அத கொட்டாங்குச்சில மொண்டு வெளிய ஊத்திட்டு கொஞ்ச நேரம் கம்முனு உக்காந்தா அடில இருக்கற மணல் பொடி ஒண்ணொண்ணும் தெரியற மாதிரி தெளிஞ்சி நிக்கும். இப்ப அந்த எடத்துல களிமண்ணும் சீமக்கருவேலும்தான். எங்க தாத்தா நெல்லு போட்ட கழனி பூரா கல்லு நட்டு பிளாட்டு. ஊரு செத்துப்போச்சி, இருக்கறவங்க யாருக்கும் அது உறைக்கவே இல்ல.

குடியாத்தம் மருமகள்:
தம்பி, உறைக்கலன்னு நீ எப்படி சொல்ற? நானும் அந்த கரைதான். அந்த ஊத்து எனக்கும் ஞாபகம் இருக்கு, நீ அங்க வெளையாடின, நாங்க விடியறதுக்குள்ள இடுப்புல ஒரு கொடம் தலைல ஒரு கொடம்னு சுமந்தோம். இப்ப 9 வருஷமா ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், தைக்கிறேன், காலைல ஆறரைக்கு கம்பெனி பஸ் ஊருக்குள்ளயே வந்து நிக்குது, ஏறறது முக்காவாசி பொம்பளைங்க. பிஎஃப் புடிக்கிறாங்க, என் பொண்ணு நர்சிங் படிக்குது. கழனில நாத்து நட்டு நான் கண்டது இடுப்பு வலி மட்டும்தான்.

கழனிவாசல்:
அக்கா சொல்ற கஷ்டம் நெசம். ஆனா அந்த தோலு எந்த தண்ணில பதமாகி வருது? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைனு டேனரி கழிவு பாலாத்துல கலக்குதுன்னு கேஸ் போட்டு, நாசம் பண்றவனே பணம் கட்டணும்னு சுப்ரீம் கோர்ட் 1996லயே சொல்லிடுச்சி. 2025 ஜனவரில மறுபடியும் அதே ஆத்துக்கு அதே கோர்ட் இழப்பீடு குடு, ஆத்த சரி பண்ணுனு தீர்ப்பு சொல்லுது. நடுவுல 28 வருஷத்துக்கு மேல போச்சி. என் கெணத்து தண்ணி பாக்க நல்லாதான் இருக்கும், வாய்ல வெச்சா கரிக்கும். குரும்பை கொட்டி மட்டை தொங்கி 14 தென்னைய நானே ஆள் வெச்சி வெட்டினேன், எங்கப்பா வெச்ச மரம்.

குடியாத்தம் மருமகள்:
தைக்கிற நாங்களாண்ணா கழிவ ஆத்துல உட்டோம்? தீர்ப்ப செய்யாதவங்கள கேளுங்க. கம்பெனிய மூடுனா மொத அடி எங்க வயித்துலதான்.

கழனிவாசல்:
மூடுன்னு நான் சொல்லவே இல்ல, சுத்தம் பண்ணாம உடாதன்னுதான் சொல்றேன்.

கீழ்த்தெரு:
ஊத்து பேச்சு வந்ததால சொல்றேன். எங்க ஆயா ஊத்து பறிக்கணும்னா ஊர்க்காரங்க எடுக்கற எடத்துக்கு கீழ்ப்பக்கம்தான் போவணும், மேல்பக்கம் கைய வெச்சா கொடத்த ஒடைப்பாங்க. இன்னிக்கு எங்க வாசல்ல குழாய் இருக்கு. செத்துப்போனது எந்த ஊருன்னு சொல்லுங்க, சில விஷயம் செத்தது எங்களுக்கு நல்லது. ஆனா மணல் விஷயத்துல நான் பாலாத்துப்பையன் பக்கம். ராத்திரி பூரா மணல் லாரி எங்க தெரு வழியாதான் போச்சி, தடுக்க போன எங்க பசங்க மேலயே கேஸு. 2021 நவம்பர்ல மாதனூர் உள்ளி தரைப்பாலத்தையே அடிச்சிகினு போற அளவுக்கு வெள்ளம் வந்துச்சே, அந்த தண்ணிய உறிஞ்சி வெக்க மணலு எங்க இருக்கு, எல்லாம் ஓடிடுச்சி.

பாலாத்துப்பையன்:
கீழ்த்தெரு அண்ணா, இத படிச்சிட்டு எங்கம்மாவுக்கு போன் போட்டு கேட்டேன். "ஆமாடா, அப்படித்தான் இருந்துச்சி"னு சொல்லிட்டு வேற பேச்சுக்கு போயிட்டாங்க. நான் கொட்டாங்குச்சில மொண்டது மேல்பக்கம். அது இத்தன வருஷம் என் புத்திக்கு எட்டவே இல்ல, மன்னிச்சிடுங்க. செத்துப்போச்சின்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். பிளாட்டு விஷயத்துல மாத்திக்க மாட்டேன், கழனிய வித்தது எங்க பெரியப்பாதான், ஆனா ஏரிக்கு தண்ணி போற கால்வாய மண்ண கொட்டி மூடி அது மேலயே கல்லு நட்டிருக்காங்க, நான் நடந்து போய் பாத்தேன்.

கழனிவாசல்:
ஆகஸ்ட் 15 கிராம சபைல மனு குடுப்போம். எஃப்எம்பி ஸ்கெட்ச்சு, அதான் நெலத்த அளந்து போட்ட சர்க்கார் வரைபடம், என்கிட்ட இருக்கு, கால்வாய் அதுல தெளிவா இருக்கு. எல்லாரும் கையெழுத்து போடுங்க.

குடியாத்தம் மருமகள்:
அந்த பிளாட்டுல ரெண்டு சென்ட் நான் வாங்கினது. மாசாமாசம் சம்பளத்துல கட்டி போன தை மாசம்தான் ரெஜிஸ்டர் ஆச்சி. கால்வாய் மேல இருக்கறது என் மனையா இருந்தா பிடுங்குவீங்க, சரி, என் காசு யாரு திருப்பி குடுப்பாங்க? பாலாத்துப்பையனோட பெரியப்பாவா, பிளாட்டு போட்டவனா, அப்ரூவல் குடுத்தவங்களா? மனுல அதையும் எழுதுங்க, அப்புறம் என் கையெழுத்த கேளுங்க.