புதுப்பிப்பு: மோரிஸ் மைனர் நல்லபடியாகக் கைமாறியது

தந்தை வைத்திருந்த 1962 மாடல் மோரிஸ் மைனர் காரை இடைத்தரகர் இல்லாமல் பாதுகாப்பாக விற்பது எப்படி என்று முன்பு உங்களிடம் இங்கே கேட்டிருந்தேன், விற்பனை முடிந்துவிட்டது. வண்டியைப் பார்க்காமலேயே கேட்ட விலைக்கும் கூடுதலாகக் காசோலை அனுப்புவதாகவும், மிச்சத்தை வண்டியை ஏற்றிச் செல்பவரிடம் கொடுத்துவிடும்படியும் சொன்ன ஒருவரை, நீங்கள் எச்சரித்தபடியே தவிர்த்தேன். அத்தகைய காசோலை, கணக்கில் வரவு காட்டிய பிறகும் போலியென்று திரும்பிவிடக்கூடும்.

வாங்கியவரோ டார்ச் விளக்குடன் குனிந்து, சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். சக்கர வளைவின் உட்புறத்தில் இருந்த துருவை நானே காட்டினேன். மறைத்து விற்க மனம் வரவில்லை. ஓட்டிப் பார்க்கையில் நானும் உடன் அமர்ந்தேன். முழுத் தொகையும் வந்து சேர்ந்ததை வங்கியிலேயே உறுதிசெய்து, நாளும் நேரமும் குறித்த விற்பனை ரசீதில் இருவரும் கையொப்பமிட்ட பின்னரே சாவியை ஒப்படைத்தேன். உரிமை மாற்றத்தையும் அன்றே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டேன்.