புதுப்பிப்பு: பைக்குக்கு இயர்பட்ஸ், மீதி விவரங்கள்

காதுக்கு வெளிய நீட்டற குச்சி இல்லாத குட்டை மாடலா வாங்குங்க, ஹெல்மெட் மாட்டும்போது இழுபடாதுன்னு முதல் பதிவுல எழுதியிருந்தேன். அதுக்குக் கீழ அதிகம் வந்த கேள்வி, ஏஎன்சி (வெளி இரைச்சலை மைக் வச்சு கேட்டு குறைக்கிற வசதி) பைக்ல உதவுமாங்கறதுதான்.

ஏஎன்சி எஞ்சின் முழக்கம் மாதிரி சீரான தாழ்ந்த ஒலியைத்தான் நல்லா குறைக்கும். காற்று வெளி மைக்ல நேரா மோதினா அந்த இரைச்சலே காதுக்குள்ள வந்துடும். அரைமுக ஹெல்மெட்ல இது மோசம். ஆப்ல காற்று இரைச்சல் குறைப்பு இருந்தா அதைப் போடுங்க, இல்லன்னா ஏஎன்சியை அணைச்சிடுங்க. வெளிச் சத்தத்தை உள்ள விடற டிரான்ஸ்பரன்சியும் இதே கதைதான். உண்மையா வேலை செய்யறது காதுக்குள்ள போற மெத்து நுனி, அதாவது டிப்தான்: மாட்டிட்டு பாட்டு ஓடும்போது வாயைத் திறந்து மூடுங்க, பாஸ் (தாழ்ந்த ஒலி) குறைஞ்சா டிப் அளவு சரியில்ல. ஃபோம் டிப் நல்லா அடைக்கும், ஆனா வியர்வையில சீக்கிரம் நைஞ்சிடும்.

அடுத்தது தூசி, தண்ணி தாங்கறதைக் காட்டற ஐபி குறியீடு. ஐபிஎக்ஸ்4ல 'எக்ஸ்'னா தூசிக்குச் சோதனை மதிப்பே இல்லன்னு அர்த்தம். வட சென்னையில எண்ணூர், மணலி மாதிரி தூசிப் பக்கம் ஓட்டறவங்க ஐபி54, ஐபி55 பாருங்க. அந்தச் சோதனையும் நல்ல தண்ணியிலதான். காசிமேட்டு உப்புக்காத்துக்கும் வியர்வைக்கும் உத்தரவாதம் கிடையாது. சார்ஜ் பின்னை உலர்ந்த துணியால துடைச்சிட்டு கேஸ்ல வைங்க. ஒரு பக்கம் சத்தம் குறைஞ்சா முதல்ல பட்ல ஒலி வர்ற வலையில அழுக்கு பாருங்க.

ஹெல்மெட் பஞ்சு அழுத்தி பாட்டு தானா மாறுதா? ஆப்ல டச்சை (தொட்டா வேலை செய்யற வசதியை) அணைங்க. பட்டன் மாடல்னா ஹெல்மெட் அழுத்தும்போது காது வலிக்கும்.

எண்ணூர் விரைவுச்சாலையில கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ரெண்டு காதையும் அடைக்காதீங்க. வழி சொல்ல இடது பட் ஒண்ணே போதும், குறைஞ்ச வால்யூம்ல.