உரிம மீறலா, உரிம வழுவா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்வழிப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக ஒரு கணினிக் கையேட்டை மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை எடுத்தாளும் நிறுவனங்கள் அதன் உரிமத்தை ஏன் மீறுகின்றன என்பது அதில் ஒரு பாடம். மூலத்தில் 'லைசன்ஸ் லங்கனம்' என்றிருப்பதை 'உரிம மீறல்' என்று எழுதி, வகுப்பில் படித்தும் காட்டினேன். ஆய்வகத்து வைஃபை பெட்டிக்குள் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் ஓடுகிறது, விற்பவர் அதன் மூலநிரலையும், அதாவது நிரலர் எழுதிய வடிவத்தையும், தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை, அதைக் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை என்று சொன்னதும், "அப்படியென்றால் திருட்டா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. பெட்டியோடு வந்த தாளில், மூன்றாண்டுகளுக்குள் கேட்பவர்களுக்கு மூலநிரல் தரப்படும் என்று எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தெரிந்து செய்வதையும் தெரியாமல் நேர்வதையும் ஒருசேரத் தாங்கும் சொல் உண்டா?

பாலக்காட்டுச் சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'மீறல்' வேண்டாம் அம்மா. 'மீ' என்றால் மேல். எல்லையை அறிந்து அதற்கு மேலே செல்பவனே மீறுகிறான். அறியாமல் நேர்வதற்கு நம் இலக்கணம் 'வழு' என்ற சொல்லை வைத்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் மயங்கினால் வழு. மயங்கியவனை நன்னூலார் கூண்டில் ஏற்றவில்லை. வழுவுதல், வழுக்குதல், வழுவழுப்பு எல்லாம் ஒரே வேரின. மலையாளம் பேசும் நம் பக்கத்து வீட்டார் 'வழுதி வீணு' என்பதும் அதுவே. பாசிப்படியில் கால் வைத்தவனைப் போல நிறுவனமும் வழுவுகிறது. ஆகவே 'உரிம வழு'. பாண்டியர்க்கு 'வழுதி' என்னும் பெயர் வந்ததற்கும் இவ்வேருக்கும் உறவுண்டா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

பாலக்காடு, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, 'வழு' எங்களிடம் எப்போதோ வேலைக்குச் சேர்ந்துவிட்டது. நிரலில் இருக்கும் பிழைக்கு அதைத்தான் புழங்குகிறோம். 'உரிம வழு' என்றால் உரிமத்தின் வாசகத்திலேயே பிழை என்று படிப்பார்கள். ஆனால் வழுக்கி விழுகிறார்கள் என்று நீங்கள் சொல்வது பலமுறை உண்மை. சில்லு செய்பவர் ஒருவர், பலகை செய்பவர் இன்னொருவர், பெட்டியில் தன் பெயரை ஒட்டி விற்பவர் மூன்றாமவர். விற்பவரிடம் மூலநிரல் வந்து சேர்ந்திருப்பதே இல்லை. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பது வெளிப்பட்டபோது, சில்லு பிராட்காமுடையது, லிங்க்சிஸை அவ்வாண்டுதான் சிஸ்கோ வாங்கியிருந்தது. பின்னர் வெளியான அந்த நிரலிலிருந்தே வைஃபை பெட்டிகளுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற இயங்குதளம் வளர்ந்தது. ஆயினும் பாடம் முழுதும் ஏறவில்லை. 2008இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்கே தொடுக்க வேண்டியிருந்தது, அடுத்த ஆண்டு அது உடன்பாட்டில் முடிந்தது.

பாலக்காடு, வழக்கறிஞர்:

உரிமம் யாருடைய நெஞ்சையும் பார்ப்பதில்லை. லினக்ஸுக்குரியது 1991இல் வந்த குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு; அதில், நிபந்தனைக்குப் புறம்பாகப் பகிர்ந்தால் உரிமை தானாகவே முடிந்துவிடுகிறது. அறிந்து செய்தாயா என்று நான்காம் பிரிவு கேட்பதே இல்லை. நம் ஊர்க் கள்ளுக்கடைப் பலகையில் 'லைசென்சி' என்று யார் பெயர் எழுதியிருக்கிறதோ, கலந்தது கடைப்பையன் என்றாலும் அவர்தாமே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? எனவே 'மீறல்' என்பதே சரி.

மேலும், தம்பி சொல்லும் சங்கிலி பாதிக் கதைதான். சில்லு செய்பவரோடு கையெழுத்திட்ட இரகசிய ஒப்பந்தத்துக்கு அஞ்சியும், போட்டியாளர் பார்த்துவிடுவார் என்று தயங்கியும், விற்றுத் தீர்ந்த பெட்டிக்கு நிரலைத் தேடித் தொகுக்க ஓர் ஆளை வைப்பதைவிடக் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது மலிவு என்று கணக்குப் போட்டும் தெரிந்தே செய்பவர்கள் இருக்கிறார்கள். வழக்காடக்கூடிய பதிப்புரிமையாளர்களோ உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கானோர். லினக்ஸ் நிரலர் ஹரால்டு வெல்ட்டே 2004இல் மியூனிக் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றதைப் போல எல்லோரும் கிளம்புவதில்லை. அதனால்தான் 2021இல் விசியோ தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கு முக்கியமாகிறது: வழக்காடிய அமைப்பு, பொருளை வாங்கியவர் என்ற முறையில் மூலநிரலைக் கேட்டது. டீச்சர் கடிதம் எழுதியதும் அதே நிலையில் நின்றுதான்.

சித்தூர், தமிழாசிரியர்:

நல்லது, வக்கீல் சார். அதே உரிமத்தின் 2007இன் மூன்றாம் பதிப்பில், முதன்முறை தவறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை மீள்கிறது என்று படித்தேன். அதற்கு 'வழுவமைதி' எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

பாலக்காடு, மொழிபெயர்ப்பாளர்:

பொருந்தவில்லை ஐயா. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பதை உவப்பினால் அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் வழுவமைதி, யாரும் திருத்துவதில்லை. இங்கே திருத்தியாக வேண்டும். அதற்கு 'வழுநீக்கம்' என்றால், அதுவும் நிரலர்களிடம் வேலைக்குச் சேர்ந்த சொல்.

வேலந்தாவளம், கூட்டுறவு வங்கி ஊழியர்:

பெரியவர்களுக்கு இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கிளையில் கடன் கட்டாதவரைத் 'தவணை தவறியவர்' என்கிறோம். மறந்தவரும் அவரே, வேண்டுமென்றே கட்டாதவரும் அவரே; நோட்டீஸ் இருவருக்கும் போகும். 'நிபந்தனை தவறுதல்' என்றால் என்ன?

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை:

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். தலைப்பில் 'உரிம மீறல்' என்றும், விளக்கத்தில் 'நிபந்தனை தவறுதல்' என்றும் கொடுத்துவிட்டேன். 'மீறல்' போதும் என்றவர்கள் நால்வர். அவர்களில் இருவர் 'ஏதாவது ஒன்று' என்றுதான் எழுதியிருந்தார்கள். விளக்கத்தைப் படித்த அதே மாணவி, "திருட்டு இல்லை டீச்சர், வாக்குத் தவறிட்டாங்க" என்றாள்.

சித்தூர், தமிழாசிரியர்:

'வழு' என்பதற்கு அகராதியைப் புரட்டினால் 'தவறு' என்றே இருக்கும். அந்த அளவில் ஆறுதல். தலைப்பை நான் ஏற்கவில்லை என்பதைக் குழு பதிவுசெய்துகொள்ள வேண்டும். வழுதி பற்றிய மடல் நாளை வரும்.